பாலாற்று மணலில் தண்ணீர் ராக்கெட்: உயரக் கணக்கு

எங்கள் ராக்கெட்டில் மருந்து கிடையாது. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்ச இடத்தில் சைக்கிள் பம்பால் அடித்த காற்று, அவ்வளவுதான். வெடிமருந்து திணிக்க உரிமம் வேண்டும். பத்து விரலும் வேண்டும் என்பது என் சொந்தக் காரணம். ஏவுமிடம், வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே வறண்டு கிடக்கும் பாலாறு. கழுத்து விளிம்பைக் கேபிள் டைகள் பிடித்திருக்கும். அவற்றை இறுக்கும் குழாய் வளையத்தைக் கயிற்றால் கீழே இழுத்தால் பாட்டில் விடுபடும்; உள்ளிருக்கும் காற்று தண்ணீரைக் கீழே தள்ள, பாட்டில் மேலே பாயும். கயிற்றின் நீளத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

உயரம் வேண்டுமென்றால் அழுத்தத்தைக் கூட்டு என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். 1780-இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூர்ப் போரில் ஆங்கிலேயர் மேல் பாய்ந்த மைசூர் ராக்கெட்டுகளின் பலமும் அவற்றின் இரும்புக் கூடுதான். கூடு தாங்கும் அளவுக்குத்தான் உள்ளே அழுத்தம் ஏற்ற முடியும். நமக்குக் கூடு பிளாஸ்டிக். நல்ல பாட்டில் 150 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அழுத்தம்) வரை தாங்கலாம், ஆனால் வேலூர் வெயிலில் கிடந்ததும், பலமுறை பறந்து கீறல் விழுந்ததும் நல்ல பாட்டில் அல்ல. அதனால் 90 எங்கள் எல்லை. புதுப் பாட்டிலை முதலில் தண்ணீரால் முழுக்க நிரப்பி அழுத்திப் பார்க்கிறோம். தண்ணீர் அமுங்காது என்பதால் அப்போது வெடித்தாலும் நனைவதோடு போய்விடும். பம்பின் தோல் வாஷருக்கு அவ்வப்போது எண்ணெய் விட்டால் 90-ஐத் தொடுவது சிரமமில்லை.

அடுத்தது எடை. இலேசாக இருந்தால் மேலே போகும் என்பது இங்கே பாதி உண்மைதான். தண்ணீர் முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியேறிவிடும். ஏறுவதில் பெரும்பகுதி, அதற்குப் பிறகு சொந்த வேகத்தில் ஏறுவது. காற்றின் தடையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. ஊதிய பலூனை எவ்வளவு பலமாக எறிந்தாலும் நான்கடியில் நின்றுவிடுகிறதே, அந்தக் கதைதான். மூக்கில் 30 கிராம் களிமண் அப்பியதும் உயரம் சில மீட்டர் கூடியது. எடை மையம் முன்னே நகர்ந்ததால் ஆட்டமும் குறைந்தது. வாலில் உள்ள துடுப்புகளின் விளிம்பைத் தேய்த்து மெலிதாக்கியது இன்னும் கொஞ்சம் தந்தது. அதற்கு மேல் களிமண் சேர்த்தபோது உயரம் திரும்ப இறங்கியது.

உண்மையான தலைவலி அளப்பதில் இருந்தது. மூக்குக்குள் நகக்கண் அளவு அழுத்த உணரி வைத்த உயரமானி இருக்கிறது. தரைமட்டத்தை ஒட்டி, ஏறத்தாழ எட்டரை மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும் என்ற கணக்கில் அது உயரம் சொல்லும். 100 மீட்டர் தள்ளி நின்று, பாகைமானியில் தூக்குநூல் கட்டி உச்சியைக் குறிவைப்பது அக்கா மகனின் வேலை. ஒரு மே மாத மாலை உயரமானி 73 மீட்டர் என்றது. அவன் 38 டிகிரி என்றான். முக்கோணக் கணக்கில் அது 78 மீட்டர்; கண் உயரத்தையும் சேர்த்தால் 79-க்கு மேல். ஒரு டிகிரி பிசகினால் மூன்று மீட்டர் மாறும்தான். ஆனால் பிசகு எப்போதும் ஒரே பக்கமாக விழுமா? "மாமா, என் கை நடுங்கவில்லை. உங்கள் கருவிதான் குறைத்துச் சொல்கிறது" என்றான்.

கருவியில் பழுதில்லை. அதன் சூத்திரத்துக்குள் கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பம் என்று எழுதியிருக்கிறது. பாலாற்றில் அன்று 37. சூடான காற்று விரிந்து அடர்த்தி குறைந்திருப்பதால், அதே அழுத்த வேறுபாட்டுக்கு அதிக உயரம் ஏற வேண்டும். கெல்வினில் மாற்றி விகிதம் பார்த்தால் எட்டு சதவீதம் கூட்ட வேண்டும். 73, ஏறக்குறைய 79 ஆகிறது. பையன் சொன்னது சரி. வேலூரில் மே மாதம் இந்த ஹாபியில் இறங்குகிற எவரும் திருத்தமில்லாத எண்ணை எழுதக் கூடாது என்பேன். உணரியின் மேல் வெளிச்சம் விழுந்தாலும் எண் துள்ளும்; கறுப்பு நுரைத்துண்டு ஒன்றைப் போர்த்திவிடுங்கள்.

2015-இல் தண்ணீர் ராக்கெட் உலகச் சாதனை 830 மீட்டரைத் தொட்டது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தார் செய்தது. அந்த எண்ணைவிட அதன் விதி எனக்குப் பிடித்தது: அதே ராக்கெட்டை இரண்டு மணி நேரத்துக்குள் இருமுறை ஏவி, சராசரியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். காற்று தூக்கிவிட்ட ஓர் அதிர்ஷ்ட ஏவுதல் செல்லாது. நாங்களும் அதையே ஏற்றுக்கொண்டோம். வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்த 86, அடுத்த ஏவுதலில் 81 வந்ததால் 83.5 ஆகச் சுருங்கியது. பழைய குடைத்துணியில் தைத்த பாராசூட் இரண்டாவது முறையும் விரிந்தாக வேண்டுமே என்ற கவலை தனி.

இப்போது இரண்டு பாட்டில்களை ஒன்றாக ஒட்டுகிறோம், கொள்ளளவைக் கூட்டுவதற்காக. பஸ் கூண்டு கட்டும் பட்டறைகளில் கண்ணாடி பதிக்கும் பாலியூரிதேன் பசைதான் பிடிக்கிறது. காற்றின் ஈரத்தை வாங்கித்தான் அது இறுகும், இந்த வறட்சியில் அவசரப்படாது. ஈரத்துணி சுற்றி வைத்திருக்கிறேன். இறுகியதும் தண்ணீர் நிரப்பி 90 வரை அழுத்திப் பார்க்க வேண்டும்; ஒட்டு கசியாவிட்டால் மறுபடியும் ஆற்றுக்கு.