கோப்பு இருக்கிறது, ஆனால் இல்லை!

எங்கள் சிற்றிதழின் தளத்தை ஒருவழியாகப் புது சர்வருக்கு மாற்றியாகிவிட்டது. தரவுத்தளமும் பக்கங்களும் சிக்கலின்றிக் குடிபெயர்ந்தன. உயிரை வாங்கியவை எழுத்தாளர்கள் ஏற்றிய கோப்புகளின் பெயர்கள்தான்.

‘கோடைமழை’ கதையைச் சொடுக்கினால் ‘கோப்பு இல்லை’ என்றது. சர்வரை இயக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில் கோப்புறையைத் திறந்தால் அதே பெயர் கண்ணெதிரே கிடக்கிறது. சர்வர் நிறுவனத்தின் உதவி மையத்துக்கு எழுதினேன். “பெயர்களை ஆங்கிலத்தில் வையுங்கள்” என்று ஒற்றை வரிப் பதில். தமிழ் இதழ் நடத்துபவர்களிடம் சொல்கிற யோசனையா இது?

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் சிறு அலகுதான் பைட். பெயரைப் பைட் பைட்டாகப் பிரித்த பிறகே விஷயம் பிடிபட்டது. தரவுத்தளத்தில் ‘கோ’வின் ஓகாரக் குறி ஒரே குறியீடு (கணினி எழுத்துக்குத் தரும் எண்), கோப்பின் பெயரிலோ இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். கோப்புகள் இடையில் ஒரு பழைய மேக் கணினியில் தங்கி வந்திருந்தன. வட்டில் கோப்புகளை அடுக்க அது பயன்படுத்தும் எச்.எஃப்.எஸ் பிளஸ் முறை பெயர்களை இப்படிப் பிரித்துத்தான் சேமிக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். லினக்ஸோ பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும். ஒ, ஓ, ஔ வரிசைக் குறிகள் உள்ள பெயர்கள் மட்டும் ஏன் காணாமல் போயின என்பதற்கு விடை இதுதான். எல்லாவற்றையும் யூனிகோடின் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொது எண்முறை) என்.எஃப்.சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவத்துக்கு மாற்றியதும் கதைகள் திரும்பிவந்தன.

இன்னொரு எச்சரிக்கை. பெயரைச் ‘சுத்தம்’ செய்வதாகச் சொல்லும் நிரல்துண்டுகளை அப்படியே நம்பாதீர்கள். நான் சோதித்த ஒன்று எழுத்துகளை மட்டும் விட்டுவைத்து, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் குப்பையில் தள்ளியது. கல், கலை, காலை மூன்றும் ‘கல’ ஆகிவிட்டன! அப்படியே விட்டிருந்தால் ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டிருக்கும்.

நீளமும் தொல்லைதான். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூ.டி.எஃப்-8 முறையில் 3 பைட். ஆக 85 குறியீடுகளோடு கதை முடிந்தது, புள்ளியும் கொம்பும் உட்பட. விண்டோஸில் ஒழுங்காக இருந்த நீண்ட கட்டுரைத் தலைப்பு இங்கே ஏற மறுத்தது. எதிர்த்திசையில், ‘எங்கே போகிறோம்?’ என்பதைக் கேள்விக்குறியோடு விண்டோஸ் ஏற்காது.

இப்போது வட்டில் கோப்புக்கு நாங்களே ஓர் எண்பெயர் வைக்கிறோம். எழுத்தாளர் தந்த பெயர் தரவுத்தளத்தில் மட்டும். பதிவிறக்கும்போது அதை ஒட்டி அனுப்புகிறோம். யாராவது பெயரில் இரண்டு புள்ளியும் சாய்கோடும் (../) வைத்து வேறு கோப்புறைக்குத் தாவப் பார்த்தாலும் பலிக்காது. உங்கள் தளத்தைச் சோதிக்க வேண்டுமானால், ‘கௌரி வந்தாளோ?’ என்ற பெயரில் மேக்கிலிருந்து ஒன்றை ஏற்றி, விண்டோஸில் இறக்கிப் பாருங்கள்.