புகைபோக்கியில் இருந்த இரண்டு வெள்ளைப் பட்டைகள்

பழைய கப்பல் படம் உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டுடியோவில் ஸ்கேன் எடுக்கக் கொடுக்கும்போது "எதையும் சுத்தம் செய்யாதீங்க, இருக்கிறபடியே வேணும்" என்று ஆர்டர் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

எங்கள் கொள்ளுத்தாத்தா பினாங்கில் இருந்து நாகப்பட்டினம் திரும்பியபோது வந்த கப்பல் என்று வீட்டில் ஒரு அஞ்சலட்டைப் படம் இருக்கிறது. 1920-ல் எடுத்தது என்றே பெரியப்பா சொல்லிக்கொண்டிருப்பார். ஆதாரம் கிடையாது. ஸ்டுடியோக்காரர் ஸ்கேனைக் கொடுக்கும்போதே பெருமையாக, "கீறல் எல்லாம் எடுத்துட்டேன் சார், பளிச்சுனு இருக்கு பாருங்க. லேமினேஷன் போட்டுத் தரட்டுமா?" என்றார். நல்லவேளை, அதற்கு மட்டும் தலையாட்டவில்லை. அந்த ஸ்கேனில் புகைபோக்கி முழுக் கறுப்பு. ஒவ்வொரு கப்பல் கம்பெனியும் புகைபோக்கிக்குத் தனி நிறம் பூசும் என்பதால், கறுப்புப் புகைபோக்கி வைத்திருந்த கம்பெனிகளாகத் தேடித் தேடி ஒரு மாதத்துக்கு மேல் வீணாகப் போனது.

பிறகு ஒருநாள் அசல் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள், பக்கத்தில் பக்கத்தில், தெளிவாகவே இருக்கின்றன. கீறல் என்று நினைத்து அவற்றை அழித்திருக்கிறார்! கறுப்பில் இரண்டு வெள்ளைப் பட்டை என்றால் பிரிட்டிஷ் இந்தியா என்ற கப்பல் கம்பெனி, அதாவது பி.ஐ. கப்பல். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று அவர்களுடைய கப்பல்கள் ஓடின. முகப்பில் இருந்த பெயரையும் அவர் தேய்த்து மழுக்கியிருந்தார். வேறிடத்தில் 1200 டிபிஐ நுணுக்கத்தில், திருத்தமே இல்லாமல் மறுபடி எடுத்ததில் முதல் எழுத்து ஆர் என்றும் கடைசி மூன்றும் யூ, எல், ஏ என்றும் படிக்க முடிந்தது. ரஜூலா!

அதோடு 1920 கதை முடிந்தது. ரஜூலாவை கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் என்ற கப்பல் கட்டும் நிறுவனம் கட்டியதே 1926-ல்தான். 1973-ல் இந்தியக் கப்பல் கழகத்துக்குக் கைமாறி, மறு வருஷமே உடைக்கப்பட்டது. ஆக, படம் எடுத்திருக்கக்கூடிய காலமாகக் கையில் இருந்தது கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு இடைவெளி. அதே வழித்தடத்தில் ஓடிய ரோனா என்ற கப்பல் என்றால் 1943 நவம்பரில் அல்ஜீரியக் கரைக்கு அப்பால் குண்டு விழுந்து மூழ்கிப்போனது, படத்தின் தேதிக்கு மேல் வரம்பு தானாகவே கிடைத்திருக்கும். ரஜூலாவுக்கு அந்த வசதி இல்லை.

அட்டையின் பின்பக்கம்தான் கைகொடுத்தது. ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பிய்க்காதீர்கள், தண்ணீர் தொடாதீர்கள். ஆல்பத் தாளைச் சுற்றி வெட்டி எடுத்துவிட்டு, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலை அட்டைக்கும் தாளுக்கும் நடுவில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். ஒரு மூலை மட்டும் தோல் உரிந்தது. உள்ளே மங்கிய நீல மையில்: "தாது மாசி 12 நாகை வந்து சேர்ந்தோம்."

தாது வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். பஞ்சம் வந்த தாது 1876. அடுத்தது 1936. அதற்கடுத்தது 1996, அப்போது கப்பலே இல்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: தாது 1936 சித்திரையில் பிறக்கிறது, ஆனால் மாசி வருவது 1937-ல். தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில வருஷத்தில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். ஆக, பிப்ரவரி கடைசி வாரம், 1937.

இது எழுதிய தேதிதான், படம் எடுத்த தேதி இல்லை. கப்பல் அட்டைகளை வருஷக்கணக்கில் விற்பார்கள். பின்னாளில் எடுத்த நகலோ என்ற சந்தேகத்துக்கு, ரூபாய் நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் அடித்துப் பார்த்தேன், தாள் ஒளிரவில்லை. ஐம்பதுகளுக்குப் பிறகு வந்த வெண்மையூட்டிய தாளாக இருந்தால் நீலமாக ஒளிரும். ஒளிராததை வைத்து மட்டும் பழசு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது.

கப்பல் வந்த நாளைப் பழைய சென்னைப் பத்திரிகையில் சரிபார்க்கலாம் என்று ஒரு நூலகத்துக்குப் போனேன். கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். கடிதத்தோடு போனால், "அந்த வால்யூம் பைண்டிங்குக்குப் போயிருக்கு, அடுத்த மாசம் வாங்க." இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஊரில் இருந்து பஸ் ஏறியிருக்க மாட்டேன். போவதற்கு முன் போன் செய்து, உங்களுக்கு வேண்டிய மாதத்துத் தொகுப்பு அலமாரியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் தேசிய நூலகம் அந்தக் காலத்துப் பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது, கப்பல் புறப்பாட்டு அறிவிப்புகள் உட்பட. 1937 பிப்ரவரி இதழ்களை இப்போது அதில்தான் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "தாதுன்னா சரிதான், தாத்தா அந்த வருஷம் வந்ததாத்தான் அத்தை சொல்லும்" என்றார்.