கபூர் மரங்களுக்கு நடுவில்

ஜனவரி 11, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே கோலாலம்பூர் பக்கத்தில் கெப்போங்கில் இருக்கும் ஃபிரிம் (மலேசிய வன ஆராய்ச்சி நிலையம்) காட்டுக்குப் போய்விட்டோம், நானும் அம்மாவும். கபூர் மரங்களை நின்று பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். பாய் விரித்து மல்லாந்து படுத்தோம்.

ஒரு மரத்தின் தலை பக்கத்து மரத்தைத் தொடவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றி ஒல்லியாக ஒரு வெளிச்சம் ஓடுகிறது. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "மாக்கோலத்துல இழை இழுத்த மாதிரி இருக்கும்மா" என்றார்.

காற்றில் உரசி நுனி ஒடிவதால்தான் இந்த இடைவெளி என்று பலர் நினைத்தார்கள். 1977-இல் தாவரவியலாளர் பிரான்சிஸ் இங் இந்தக் கபூர் மரத்தையே ஆராய்ந்தார். உரசிய அடையாளம் கிடைக்கவில்லை. பக்கத்து மரத்தின் நிழல் பட்டதும் துளிர் நின்றுவிடுகிறது என்பது அவர் கருத்து. எனக்கு அதுதான் மனதில் ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் இது பழைய ஈயச் சுரங்க நிலத்தில் மனிதர்கள் நட்டு வளர்த்த காடு.

இதைத் துணியில் செய்யப் போகிறேன்.

ஜனவரி 12

கீழே கிடந்த இலையைக் கசக்கி முகர்ந்தது நேற்றிலிருந்து நினைவில் நிற்கிறது. லேசான கற்பூர வாடை. சுமத்ராவின் பாருஸ் துறைமுகம் இந்த மரத்துக் கற்பூரத்துக்குத்தான் பேர் போனது. அங்கே 1088-இல் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் கடல் கடந்து தேடிப் போன வாசனை, பாதி நாள் என் விரலில் இருந்தது.

ஜனவரி 17

பொங்கல் வேலை முடிந்து கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய்த் துணி எடுத்தேன். மேலே கரும்பச்சை பாப்ளின், அடியில் வாயில் என்கிற மெல்லிய வெள்ளைத் துணி. வாயில் துணி ஒற்றை அடுக்குத்தான், ஏனென்றால் இது சுவரில் மாட்டுகிற துணி இல்லை. ஜன்னலில் தொங்க வேண்டும். பாப்ளின் வெயிலை மறைக்கும், வாயில் துணி உள்ளே விடும்.

முதலில் மரங்களை வரைந்தேன். நடுவில் மிஞ்சியது வெறும் சந்தாக இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் சாக்பீஸால் வரைந்தேன். மரங்கள் தானாக வந்தன.

ஜனவரி 24

இரண்டு துணியையும் சேர்த்து இழையோட்டிவிட்டுத்தான் கத்தரி வைக்கிறேன். மேல் துணியை மட்டும் கோட்டின் நடுவே வெட்டி, இரு பக்கமும் 4 மில்லிமீட்டர் ஊசி முனையால் உள்ளே தள்ளி, ஒற்றை நூலில் எம்மிங். அப்போது 8 மில்லிமீட்டர் வெளிச்சம் கிடைக்கிறது. அதைவிடக் குறைத்துப் பார்த்தேன். மடிப்பு நிற்காமல் பிசிறு வெளியே வந்துவிட்டது.

இலைக்கூட்டம் உள்ளே வளையும் இடத்தில் சின்னச் சின்னதாய் வெட்டு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் துணி இழுக்கும். வெளியே புடைக்கும் இடத்தில் வெட்டவே கூடாது. அங்கே மடிப்பை ஒட்ட நறுக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பணும். மூன்று மரம் சந்திக்கும் முனைதான் கஷ்டம். ஒரு முனைக்கு நாற்பது நிமிடம் ஆனது.

ஜனவரி 29

தேய்க்க லேசாகத் தண்ணீர் தெளித்தேன். பச்சைச் சாயம் வாயிலில் இறங்கிவிட்டது. சாயம் போகாது என்று கடையில் சொன்னார்கள்; நான் ஊறப்போடாமல் நம்பினேன். அம்மா துணியைத் தொட்டுப் பார்த்து, "பிரிச்சிடு. புதுசா வாங்கினதை மூணு தண்ணியில அலசு" என்றார். அழுகை வந்தது. இரவு முழுக்கப் பிரித்தேன்.

பிப்ரவரி 8

தைப்பூசம் கழித்து மறுபடி ஆரம்பித்தேன். நான்காவது அலசலில்தான் தண்ணீர் தெளிவாக வந்தது. வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பார்த்த பிறகே வெட்டினேன்.

இன்று மாலை, இதுவரை தைத்ததை ஜன்னலில் பிடித்தேன். வெயில் சாய்ந்து வந்தது. பாப்ளின் கறுத்து, நடுவில் கோடுகள் மட்டும் எரிந்தன. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

மேல் மூலையில் இன்னும் நான்கு மரம் பாக்கி. நூல்கண்டில் பாதி இருக்கிறது, போதும்.