வாடகை வீட்டுக் கூரை

சாண்டா ரோசாவில் ஒரு சின்ன சோலார் நிறுவனத்தில் டிசைனராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. 2019 அக்டோபர். பலத்த வறண்ட காற்று வரப்போகிறது என்று சொல்லி, வடக்கு கலிஃபோர்னியாவில் 7 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்குப் பி.ஜி. அண்ட் இ. என்ற மின்விநியோக நிறுவனம் கரண்டை நிறுத்திவிட்டது. மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான்: "வெயில் கொளுத்துகிறது, கூரை முழுக்க நீங்கள் மாட்டிய பேனல், அப்புறம் ஏன் ஃப்ரிட்ஜ் ஓடவில்லை?"

பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இணைப்பு, வெளியே லைன் செத்தால் தானும் அணைந்துவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன்மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானாக எடுத்துக்கொள்ளும் ஊரில் வளர்ந்த எனக்கே முதலில் இது கிறுக்குத்தனமாகப் பட்டது. விற்கும்போது யாரும் இதை அழுத்திச் சொல்வதில்லை. எங்கள் ஆட்களும் சொல்லியிருக்கவில்லை.

கரண்டை நிறுத்தியதற்குக் காரணம் முந்தைய வருடத்தில் இருந்தது. 2018 நவம்பர் 8 அன்று, ஏறக்குறைய நூறு வயதான ஒரு மின்தொடரில் தேய்ந்துபோன கொக்கி ஒன்று அறுந்து, தீப்பொறி பறந்தது. பாரடைஸ் என்ற ஊரே எரிந்துபோனது. 85 பேர் இறந்தார்கள். 2020-இல் பி.ஜி. அண்ட் இ. 84 மரணங்களுக்கு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் கொக்கியை மட்டும் திட்டிவிட்டு நகர முடியாது. நவம்பர் பிறந்தும் மழை எட்டிப் பார்க்காமல் காடு சருகாய்க் கிடந்ததே, அதற்கு யார்மேல் வழக்குப் போடுவது?

எங்களுக்கோ வியாபாரம் சூடுபிடித்தது. குன்றின் மேல் வீடு வைத்திருந்தவர்கள் இரண்டு பேட்டரி கேட்டார்கள். ஒருவர் ஒயின் பாதாள அறையின் குளிர் குறையக் கூடாதென்று மூன்றாவதும் கேட்டார். வரைந்து கொடுத்தேன், சம்பளம் அதற்குத்தானே.

குன்றின் கீழே திராட்சைத் தோட்டங்கள். 2020-இல் புகை மண்டியபோதும் அறுவடை நிற்கவில்லை. மக்களை வெளியேறச் சொன்ன பகுதிகளுக்குள்ளும் அனுமதி வாங்கி ஆட்களைக் கூட்டிப்போனார்கள். காற்றுத் தரக் குறியீடு 151-ஐத் தொட்டால் முதலாளி என்95 மாஸ்க் தர வேண்டும் என்று 2019-லிருந்தே மாநில விதி உண்டு. நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு ராத்திரியில் பழம் வெட்டுகிறவர், வியர்வையில் நனைந்த மாஸ்க்குக்கு மாற்று எங்கே போய்க் கேட்பார்? 2021-இல் நார்த் பே ஜாப்ஸ் வித் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு தொழிலாளர்களைத் திரட்டி, ஆபத்துக்கால கூடுதல் கூலி, இழந்த கூலிக்குக் காப்பீடு, அவரவர் தாய்மொழியில் பாதுகாப்புப் பயிற்சி என்று கோரிக்கைகளை வைத்தது.

தாய்மொழி என்பதன் அர்த்தம் எனக்கு உறைத்தது, அடுத்த வருடம் ஒரு தேவாலயக் கூடத்தில் சோலார் பேட்டரி பற்றிப் பேசக் கூப்பிட்டபோதுதான். ஸ்பானிஷில் விளக்கப் படங்கள் தயாரித்துக்கொண்டு பெருமையாகப் போனேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் மெக்சிகோவின் பழங்குடி மொழியான மிஷ்டெக் பேசுகிறவர்கள். நான் ஆங்கிலத்தில் சொல்ல, ஒருவர் ஸ்பானிஷில் சொல்ல, இன்னொருவர் மிஷ்டெக்கில் சொல்ல, 'கிலோவாட் அவர்' இரண்டு பேரைத் தாண்டிப் போய் ஒரு சிரிப்பாகத் திரும்பி வந்தது.

பின்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எழுந்தார். "என் வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் மெஷின். அந்தப் பேட்டரிப் பெட்டி ராத்திரி முழுக்க ஓட்டுமா?" இது எனக்குத் தெரிந்த கணக்கு. மெஷின் சுமார் 300 வாட், பத்து மணி நேரத்துக்கு மூன்று யூனிட். பெட்டி பதிமூன்றரை யூனிட் பிடிக்கும். தாராளமாக ஓட்டும் என்றேன். "சரி, கூரையும் சுவரும் வீட்டு ஓனருடையது. அவர் விடுவாரா?"

நெருப்பு அபாயப் பகுதியில் மருத்துவக் கருவியை நம்பி வாழ்கிறவர்களுக்கு அப்போது அரசு மானியம் இருந்தது. பேட்டரியைச் சுவரில் மாட்ட ஓனர் கையெழுத்தும் வேண்டும். குடியிருக்கும் வீட்டைப் பற்றிக் குறை சொன்னாலே காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறவரிடம் போய் அந்தப் படிவத்தை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆறு மாதம் கழித்து வருகிறேன் என்று ஏதோ உளறிவிட்டு உட்கார்ந்தேன்.

வீடுவீடாக யோசித்ததுதான் என் தப்பு. வடக்கே ஹம்போல்ட் மாவட்டத்தில் ப்ளூ லேக் ராஞ்செரியா என்ற பழங்குடிச் சமூகம், பேனலும் பேட்டரியும் சேர்த்துத் வெளியே கரண்ட் போனாலும் தனியாக ஓடும் சிறு மின்கட்டமைப்பை, அதாவது தன் சொந்த மைக்ரோகிரிட்டை, வைத்திருக்கிறது. 2019 மின்வெட்டில் மாவட்டமே இருண்டிருக்க, சுமார் பத்தாயிரம் பேர் பெட்ரோலுக்கும் ஐஸுக்கும் அங்கேதான் போனார்கள். மருத்துவக் கருவி இல்லாமல் உயிர் பிழைக்க முடியாத எட்டுப் பேரை அந்தச் சமூகத்தின் ஹோட்டல் அறைகளில் தங்க வைத்தார்கள். யாரும் எந்த ஓனரிடமும் கையெழுத்து வாங்கவில்லை.

அதே தேவாலயக் கூடத்துக்கு ஒரு டிசைன் போட ஆரம்பித்தேன், சனிக்கிழமைகளில், சம்பளமில்லாமல். மேலாளர் "பணம் வராத வேலை" என்றார். அலுவலக சாஃப்ட்வேரைப் பயன்படுத்திக்கொள்ள விட்டார், அது போதும். இன்சுலினுக்கு ஃப்ரிட்ஜ், புகையை வடிகட்டும் இயந்திரம், விளக்குகள் என்று எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து, திருப்தியோடு வரைபடத்தை மேசைமேல் விரித்தேன்.

அந்த அம்மாள் விரலால் சுவரோரம் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். பிளக் பாயின்ட் எல்லாம் ஏன் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். வயசானவர்கள் நாற்காலியில்தானே உட்காருவார்கள், இருபது வருடம் கொடி வெட்டிய முதுகு அவ்வளவு தூரம் குனியாதே. பென்சிலை வாங்கி, தன் இடுப்பளவில் ஒரு புள்ளி வைத்தார்.