வெள்ளை தீர்ந்த பெட்டி

"அப்பா, வெள்ளை தீர்ந்துவிட்டது. நிலாவுக்கு என்ன செய்வது?"

வண்ணப் பெட்டியை நீட்டினாள் மகள்.

தாளை அப்படியே விட்டுவிடு என்றேன். நம்பவில்லை.

ஆங்கில நீர்வண்ண ஓவியர் தாமஸ் கெர்ட்டின் 1800இல் வரைந்த 'செல்சியில் வெள்ளை வீடு' ஓவியத்தைக் கைபேசியில் காட்டினேன். அந்தி மங்கும் தேம்ஸ் நதி. வானம், கரை, தண்ணீர் எல்லாம் அடங்கிக் கிடக்க, தொலைவில் ஒரே ஒரு வீடு மட்டும் பளிச்சென்று நிற்கிறது. அங்கே வண்ணமே இல்லை. வெறும் தாள்!

எங்கே கைவைக்கக் கூடாது என்று அவருக்கு 25 வயதில் தெரிந்திருக்கிறது. எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

1802 நவம்பரில் இறந்துபோனார். வயது 27. அதே ஆண்டு லண்டன் நகரத்தை 108 அடி நீளத்துக்கு வரைந்து காட்சிக்கு வைத்திருந்தார். அந்தப் பெரும்படம் இன்று இல்லை. இந்தச் சின்னத் தாள் இருக்கிறது.

புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் டர்னரும் இவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். இளவயதில் ஒரு மருத்துவர் வீட்டில் கூலிக்குப் படம் பிரதியெடுத்தபோது, கெர்ட்டின் கோடு போட, டர்னர் வண்ணம் தீட்டுவாராம். "டாம் கெர்ட்டின் இருந்திருந்தால் நான் பட்டினி கிடந்திருப்பேன்" என்று டர்னர் பின்னாளில் சொன்னதாகச் சொல்வார்கள். டர்னருக்கு 76 ஆண்டுகள் கிடைத்தன.

மகள் நிலாவைச் சுற்றி நீலம் பூசிவிட்டாள். ஓரத்தில் கொஞ்சம் கசிந்துவிட்டது.

"பரவாயில்லை அப்பா, தேய்பிறை" என்கிறாள்.