நாவலுக்கு எடிட்டர் கருத்து வாங்கப் போறவங்க கவனத்துக்கு

காசு குடுத்து நாவலுக்கு விமர்சனம் வாங்கப் போறீங்கன்னா, அவங்க பாக்கப்போறது கதைக் கட்டமைப்பையா, நடையையா, இல்ல வெறும் எழுத்துப்பிழையையான்னு முதல்லயே எழுத்துல வாங்கிக்கோங்க. மூணும் வேற வேற வேலை. நான் ஒரு எடிட்டர்கிட்ட மெயில்ல தெளிவா கேட்டிருந்தேன், கதை எங்க தொய்யுது, பாத்திரங்கள் நம்புற மாதிரி இருக்காங்களான்னு மட்டும் பாருங்கன்னு. அவரும் சரின்னாரு. பணம் கட்டி, காத்திருந்து, திரும்பி வந்த ஃபைல திறந்தா பக்கம் முழுக்க சிவப்பு, எல்லாமே ஒற்று மிகும் மிகாது, கால்புள்ளி இங்க வேணாம் அங்க வேணும். திருத்தும்போது பாதி அத்தியாயமே காணாமப் போகலாம், அதுல இப்பவே ஒற்று போட்டு என்ன பிரயோஜனம்? அவ்வளவு ஆத்திரம் வந்துச்சு.

அந்தப் பழைய மெயில் இருந்ததால தப்பிச்சேன். அதையே திருப்பி அனுப்பி, ஒத்துக்கிட்ட வேலைய செஞ்சு குடுங்கன்னு கேட்டேன். கொஞ்சம் முறுக்கிக்கிட்டாரு, ஆனா அப்புறம் ஒழுங்கான அறிக்கை வந்துச்சு.

அதுல 7வது அத்தியாயத்துக்கு, "தொய்வா இருக்கு, கடிதக் காட்சிய வெட்டிருங்க"ன்னு இருந்தது. தங்கச்சி ஒரு கடிதத்தப் படிக்கிற அந்தக் காட்சிதான் நாவல்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது. உடனே பதில் எழுதாதீங்க, எழுதினா சண்டையாத்தான் இருக்கும். மனசு ஆறினப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், உங்களுக்கு எந்த இடத்துல சலிப்பு தட்ட ஆரம்பிச்சுதுன்னு. அக்கா அந்தக் கடிதத்த முந்தின அத்தியாயத்துலயே பிரிச்சுப் படிச்சிடுறாளே, தங்கச்சி படிக்கும்போது எனக்கு எல்லாம் தெரியுமேன்னாரு. பிரச்சினை அங்க இருந்திருக்கு! அக்கா கவர மட்டும் பாத்துட்டு வச்சிடுற மாதிரி மாத்தினேன், கடிதக் காட்சியில ஒரு வரி தொடல, இப்ப படிச்சா கை நடுங்குது. அவர் சொன்ன வைத்தியம் தப்பு, ஆனா வலி இருக்குன்னு சொன்னது சரிதான்.

அதனால "நல்லா இருக்கா"ன்னு கேக்காதீங்க, எங்க ஸ்கிப் பண்ணத் தோணுச்சு, யார நம்ப முடியலன்னு கேளுங்க. முழுசும் குடுக்குறதுக்கு முன்னாடி சில பக்கம் சாம்பிள் பாக்கச் சொல்லுங்க, வேலை எப்படின்னு அதுலயே தெரிஞ்சிடும். பிடிஎஃப் வேணாம், வேர்ட் ஃபைலா அனுப்புங்க, கமெண்ட் அந்தந்த வரி பக்கத்துலயே நிக்கும், அங்கயே திருத்திக்கவும் சுலபம். அறிக்கைக்கு அப்புறம் கேள்வி கேக்குறதுக்கு ஒரு ஃபோன் கால் அந்தக் கட்டணத்துலயே சேருமான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க, எனக்கு உண்மையிலேயே உதவினது அந்தக் கேள்வி பதில்தான்.