நிறுத்தியது கல்லீரல் மாத்திரை, ஆட்டம் கண்டது கிட்னி

கண் மஞ்சளடித்த முதல் இரண்டு வாரத்தில் டாக்டர், லேப் என்று நாலு நடை. அதில் இரண்டு சுத்த வீண். கிட்னி மாற்றிக்கொண்டு, கூடவே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியும் உள்ளவர்கள் யாராவது இருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

2018ல் சென்னையில் ஆபரேஷன். தம்பி கொடுத்தான். அதற்கு முன்பே என் உடம்பில் பி கிருமி இருப்பது தெரியும். அதற்கு என்டெகாவிர், கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ். ஆறு வருஷம் ஒரு வம்பும் இல்லை.

போன மழைக்காலத்தில் என்டெகாவிர் தீர்ந்துபோனது. நான் இருப்பது மியன்மாரில்; யாங்கோனில் வழக்கமாக வாங்கும் கடையில் சரக்கு இல்லை. "லிவர் டெஸ்ட்தான் நார்மலா இருக்கே ஊலே, கொஞ்ச நாள் விட்டா என்ன?" என்றான் கவுண்டர் பையன். (ஊலே என்றால் பர்மியத்தில் மாமா.) எனக்கும் நியாயமாகவே பட்டது. அந்த மாத்திரையால்தான் நார்மலாக இருக்கிறது என்று உறைக்கவில்லை.

மூன்றாம் மாதம் டீக்கடையில் கோப்பையைப் பிடித்தால் கை நடுங்கியது. கண் மஞ்சளடித்ததை வீட்டுக்காரிதான் பார்த்தாள். சேதி கேட்டு அத்தை ஒரு கட்டு கீழாநெல்லியோடு வந்துவிட்டார். அரைத்து மோரில் கலக்கி இரண்டு நாள் குடித்தேன். வாய்க் கசப்புக்குப் பம்பளிமாசு வேறு. அது இன்னொரு தப்பு: பம்பளிமாசும் கிரேப்ஃப்ரூட்டும் டாக்ரோலிமஸ் உடைவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும்.

டாக்ரோ அளவு பார்க்க, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். முந்தின இரவு டோசிலிருந்து 12 மணி நேரம். தெரிந்திருந்தும் அன்றைய பதற்றத்தில் விழுங்கிவிட்டுப் போனேன். லேப்பில் இருந்தவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் ஊசியும் குத்திக் காசும் வாங்கிக்கொண்டார். கிட்னி சயாமா (பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்த ரிசல்ட்டைப் பார்க்கவே இல்லை. மறுபடி போய்க் கொடுத்தபோது 17. எனக்கு 5 முதல் 8க்குள் இருக்க வேண்டியது. கல்லீரல் கெட்டால் ஏறும் எஸ்ஜிபிடி 400ஐத் தாண்டியிருந்தது.

சயாமா திட்டிக்கொண்டே விளக்கினார். எதிர்ப்புச் சக்தியை நாமே தூங்க வைத்திருக்கிறோம்; காவலுக்கு இருந்த என்டெகாவிரையும் விலக்கினால் கிருமி பெருகத்தானே செய்யும்? டாக்ரோலிமஸை உடைப்பது கல்லீரல். அது சோர்ந்தால் மருந்து ரத்தத்தில் தேங்கும். தேங்கினால் கை நடுங்கும், எந்தக் கிட்னியைக் காக்கப் போட்டோமோ அதையே கெடுக்கும். அறவே நிறுத்தவும் வழியில்லை. டோசைக் குறைத்தார், என்டெகாவிரை அன்றே ஆரம்பித்தார், கீழாநெல்லிக்குத் தடை போட்டார், கல்லீரல் டாக்டரிடம் அனுப்பினார்.

அங்கேதான் இரண்டாவது வீண் நடை. ஆபரேஷனுக்கு முந்தின ஹெபடைட்டிஸ் ரிப்போர்ட் இல்லாமல் சீட்டுப் போட முடியாது என்று பதிவு செய்பவர் கையை விரித்துவிட்டார். மஞ்சள் கண்ணைக் காட்டினேன். "ரிப்போர்ட் கொண்டாங்க." வீடு மாறியபோது அந்தக் கோப்பு எங்கே போனதோ. ராத்திரி பூராவும் பெட்டியைக் குடைந்தோம். கடைசியில் அக்கா மகன், அந்தக் காலத்தில் வைபரில் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரி படத்தைத் தோண்டி எடுத்தான். மறுநாள் அந்தக் கவுண்டரில் போனை நீட்டியபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! உங்கள் காகிதங்களை இன்றைக்கே படம் பிடித்து இரண்டு பேர் போனில் போட்டுவையுங்கள்.

இன்னும் ஒன்று. கல்லீரல் தேறத் தேற டாக்ரோ அளவு இறங்கும், டோசைத் திரும்ப ஏற்ற வேண்டிவரும். "குணமாயிட்டுது" என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். என்டெகாவிரை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் விட்டு. ஆறு வருஷமாக மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்ட கையோடு போட்டுக்கொண்டிருந்தவன் நான். வீட்டுக்காரிக்கும் டெஸ்ட் எடுத்தோம். கிருமி இல்லை, தடுப்பூசி ஆரம்பித்தாயிற்று.

போன வாரம் டாக்ரோ 6.2. கோப்பை ஆடவில்லை. அத்தை போன் செய்தார்.

"கீழாநெல்லியை விடாம குடிக்கிறியாடா?"

"குடிக்கிறேன் அத்தை" என்றேன்.